அறமும் விளம்பரமும்

(கொரட்டூரில் நிகழ்ந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு எனக்குப் பணிக்கப்பட்ட பொருள் பார்வைக்குச் சிறியது. ஆயினும், சென்ற இரண்டு கூட்டங்களிலும் இப்பொருள்பற்றி நம்முள் மனவேறுபாடு விளைந்து நிற்றலின், இதனைச் சிறிதென்று தள்ளுதற்கில்லை.

நம் இளைஞர் சிலர் கூடிக் கொரட்டூர்க்கென ஓர் இணையதளம் நடத்தி வருகின்றமை யாவரும் அறிந்ததே. எந்தத் தெருவிற்குத் தண்ணீர் லாரி எப்போது வரும், எந்த வீடு வாடகைக்கு உளது, எந்தப் பட்டறைக்கு ஆள் வேண்டும், மின்சாரம் எந்நாளில் நிறுத்தப்படும் என்னும் இவற்றை அத்தளம் அன்றன்று தெரிவிக்கின்றது. கடைக்காரர் தரும் விளம்பரக் கூலியே அதன் வருவாய். இவ்வாண்டு நம் சங்கம் நடத்தக் கருதியுள்ள கண் மருத்துவ முகாம், ஏழை மாணாக்கர்க்கு நோட்டுப் புத்தகம் வழங்கல், கோடைத் தண்ணீர்ப் பந்தல் ஆகிய மூன்றன் செலவிலும் ஒரு பகுதியைத் தாமே ஏற்பதாகவும், அதற்கு ஈடாகத் தளத்தின் பெயர் ஆங்காங்கு விளங்கவேண்டுமென்றும் அவ்விளைஞர்கள் விண்ணப்பித்தனர். அதனைக் கேட்ட பெரியவர் ஒருவர், “தருமத்தைச் சந்தையில் வைப்பதா?” என்று வெகுண்டார். இளைஞர் ஒருவர், “பணம் கொடுப்பவன் பெயரைப் போடுவதில் பழி என்ன?” என்று மறுமொழி பகர்ந்தார். இருவரும் நம்மவரே. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆதலின், இரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் இன்று நம் கடன்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். தமிழாசிரியன் வேறு எங்கிருந்து தொடங்குவான்! இளைஞர் இதனை ‘ஸ்பான்சர்’ என்கின்றனர். பத்திரிகைகள் ‘புரவலர்’ என்று பெயர்த்து எழுதுகின்றன. எனக்கு அப்பெயர்ப்பு உடன்பாடன்று. புரத்தல் என்பது காத்தல். பாணரையும் புலவரையும் பசி நீக்கிக் காத்தவர்க்குரிய பெயரை, கடைப்பலகையைப் பந்தலில் தொங்கவிடுவார்க்கு அளித்தல் அச்சொல்லுக்கு நாம் இழைக்கும் அநீதியாம். நம் கோயில்களில் நெடுங்காலமாக வழங்கும் ‘உபயம்’, ‘உபயதாரர்’ என்னுஞ் சொற்கள் இருக்க, வேறு சொல் தேடுவானேன்?

உபயம் என்றவுடன் உங்களுள் பலர் நகைப்பதைக் காண்கின்றேன். நகைப்பின் காரணமும் அறிவேன். கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்றை அளித்த அன்பர், அதன் கண்ணாடியின்மேலேயே ‘உபயம்’ என்று தொடங்கி, தம் பெயர், தம் தந்தையார் பெயர், கடை விலாசம் யாவற்றையும் சிவப்பு மையால் எழுதுவித்து விடுகின்றார். எழுத்து மிகமிக ஒளி குறைகின்றது. விளக்கின் பயன் ஒளியன்றோ? அவ்வொளியை மறைப்பது கொடுத்தவர் பெயரே! இவ்விளக்கை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். பெயர் எழுதலாமா என்று நாம் இரண்டு திங்களாக வழக்காடினோம். எங்கே எழுதுவது என்று ஒருவரும் கேட்டிலர்.

பெயரே கூடாது என்பார்க்கு யான் திருவள்ளுவனாரையே சான்றாகக் காட்டுவேன். இல்லறவியலில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். புகழ் 24ஆம் அதிகாரம். ஈகையின் பின்னே புகழ் வருதலை அவர் விலக்கினாரல்லர்; வரும் என்றே அடைவு வகுத்தார். ஆயின் ஈகை அதிகாரத்தின் வாயிலிலேயே ஒரு வரம்பும் கட்டினார். இல்லாதார்க்குக் கொடுப்பதே கொடை, ஏனையவெல்லாம் ‘குறியெதிர்ப்பை’யின் தன்மையன என்பது அவர் கருத்து. குறியெதிர்ப்பையாவது, அளவு குறித்து வாங்கி, அவ்வளவே பின்னர்த் திருப்பித் தருவது. அடுத்த வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்கி, மறுவாரம் ஒரு படி அளந்து கொடுப்போமன்றோ, அது. கைமாற்று பாவமன்று, அஃது இன்றி எந்தத் தெருவிலும் குடித்தனம் நடவாது. ஆனால், கைமாற்றாக அரிசி தந்தவர் தம்மை அன்னதானப் பிரபு என்று அழைத்துக்கொண்டால் தெருவார் நகைப்பர்.

புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஆய் அண்டிரன் மறுமைப் பயன் கருதி இம்மையில் அறஞ்செய்யும் ‘அறவிலை வணிகன்’ அல்லன் என்று பாராட்டுகின்றார். வணிகத்தை அப்புலவர் இகழ்ந்தாரல்லர். அறத்துக்கு விலை வைத்தலையே இகழ்ந்தார். நம் இளைஞரும் வணிகம் செய்யட்டும். தளத்திற்குப் பெயர் வேண்டும். பெயரின்றேல் விளம்பரம் வாராது. விளம்பரம் இன்றேல் தளம் நில்லாது. தளம் நில்லாவிடின் தண்ணீர் லாரி வரும் நேரத்தை நமக்குச் சொல்வார் யார்? ஆகவே, தாம் செய்வது விளம்பரம் என்று நேரே கூறிவிட்டுச் செய்வாராயின், அவர்மீது குறை கூற இடமில்லை.

பெயர் பொறித்தல் நம் நாட்டிற்குப் புதிய வழக்கமும் அன்று. சோழர் காலத்துக் கோயிற் சுவர்களில் உள்ள நந்தாவிளக்குக் கல்வெட்டுக்களைப் பாருங்கள். ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய 96 ஆடுகள் என்றும், சிலவிடத்து 90 ஆடுகள் என்றும் கணக்கிட்டு விடுவர். ஆடு சாகும், மூக்கும். ஆயினும் குட்டிகளால் அவ்வெண் குறையாது நிற்கவேண்டும் என்பது பற்றி அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கினர். ஆடுகளைக் கைக்கொண்ட இடையன் இன்னான், அவன் நாடோறும் அளக்கும் நெய் ஓர் உழக்கு, அளக்கும் கோயில் இன்னது என்று வரிவரியாக வெட்டுவித்தனர். கொடுத்தவர் பெயரும் அக்கல்லில் உளது. ஆயின் அது கணக்கின் ஓர் உறுப்பாய் உளது; நெய் குறைந்தால் எவரும் கல்லைக் காட்டிக் கேட்கலாம். இக்காலத்துப் பந்தல்களில் பெயர் பெரியதாயிருக்கின்றது. கணக்கு எங்கே என்று தேடவேண்டியிருக்கின்றது. நம் முன்னோரின் கல்லும் நமது பதாகையும் வேறுபடும் இடம் இதுவே.

வணிகர் பெயர் தேடிய வரலாறுகள் சிலவற்றையும் கூறுவேன். காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் என்னும் வலிநீக்கித் தைலத்தை விற்கத் தொடங்கினார். வாங்குவார் இலரானபோது, சங்கீதக் கச்சேரிகளுக்கு வந்தோர் கையில் அதனை இலவசமாகக் கொடுத்தார். தலைவலியோடு வீடு திரும்புவோர்க்கு அதன் குணம் தெரிந்தது, பெயர் பரவிற்று. அவ்வாறு ஈட்டிய பொருளைக்கொண்டு 1908இல் ஆந்திர பத்திரிகையை வார இதழாகத் தொடங்கி, 1914இல் சென்னையில் நாளிதழாக்கினார். இதன்கண் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று: கச்சேரியில் கொடுத்த தைலத்தை அவர் மாதிரிச் சரக்கு என்றே கொடுத்தார். நாட்டிற்குச் செய்த தொண்டு அதனின் வேறாக நின்றது.

நம் பக்கத்திலேயே ஒன்று சொல்லவேண்டின், அம்பத்தூரில் 1949இல் மிதிவண்டித் தொழில் தொடங்கிய டி.ஐ. நிறுவனத்தாரைச் சொல்லலாம். அவர்களைச் சேர்ந்த ஏ.எம்.எம். அறக்கட்டளை 1966இல் அமைத்த மருத்துவமனைக்கு, இங்கிலாந்தில் அவர்தம் கூட்டாளி நிறுவனத்தின் தலைவராயிருந்த சர் ஐவன் ஸ்டெட்போர்டின் பெயர் இடப்பட்டது. மிதிவண்டியின் பெயர் அம்மருத்துவமனையின் பெயரில் இல்லை. ஆயினும் அதனைக் கட்டியவர் யாவர் என்பதை அம்பத்தூரில் எந்த ஆட்டோ ஓட்டுநரைக் கேட்பினும் சொல்வார்.

மயிலாப்பூரில் நிகழ்ந்தது நம் இளைஞரின் முயற்சிக்கு மிக அணுக்கமானது. வின்சென்ட் டிசௌசா என்பார் 1994இல் ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ என்னும் பேட்டை வாரத்தாளைத் தொடங்கினார். விலையின்றி வீடுதோறும் போடப்பட்ட தாள். விளம்பரமே அதன் உயிர். அத்தாள் வெறுமனே செய்தி எழுதிக்கொண்டிருந்தால், பேட்டையார் அதனைப் படித்துவிட்டு வடை மடிக்கத்தான் எடுத்திருப்பர். ஆனால் அதனை நடத்தியவர் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாட வீதிகளில் கோலப் போட்டி, கச்சேரி, பழந்தெருக்களைச் சுற்றிக் காட்டல் எனத் திருவிழா ஒன்றனையே எடுத்து நடத்தினார். சுந்தரம் பைனான்ஸ் என்னும் நிதி நிறுவனம் அதற்குப் பொருளுதவி செய்ய, அதன் பெயர் விழாவின் பெயர்க்கு முன்னே சேர்ந்து வழங்கலாயிற்று. வடக்கு மாட வீதியில் நூற்றுக்கணக்கான மகளிர் குனிந்து புள்ளி வைக்கும்போது, அத்தெருவில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருப்பது எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஏன்? கோலம் மகளிருடையது, தெரு பேட்டையாருடையது, பெயர் ஓரத்தில் நின்றது. தாள் நடத்துவோர்க்கு அதனாற் கிடைத்தது, பேட்டை எங்களுடையது என்னும் உரிமை. எந்த விளம்பரக் கட்டணத்தாலும் அதனை வாங்குதல் இயலாது.

அயல்நாட்டுக் கதையொன்றும் உண்டு. 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் கடனட்டைக் கம்பெனியார், நியூயார்க்குத் துறைமுகத்திலுள்ள சுதந்திர தேவி சிலையைப் பழுது பார்ப்பதற்கென்று, தம் அட்டையை ஒருவர் பயன்படுத்துந்தோறும் 1 சென்ட்டும், புதிதாக ஒருவர் அட்டை வாங்குந்தோறும் 1 டாலரும் கொடுப்பதாகப் பறையறைந்தனர். சில திங்களில் 17 லட்சம் டாலர் சேர்ந்தது. அட்டைப் பயன்பாடு கால் பங்குக்கு மேல் பெருகிற்று. இவ்வறத்தை ஊரறியச் செய்ய அவர்கள் விளம்பரத்துக்குச் செலவிட்ட தொகையோ, சிலைக்குக் கொடுத்ததனினும் மிகுதி! சிலை செம்மையுற்றது; அதனை மறுப்பார் இலர். இருப்பினும், பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, கொடுத்ததைச் சொல்ல இருபது ரூபாய் செலவிடுபவரை நம் ஊரில் எப்பெயரிட்டு அழைப்போம் என்பதை உங்கள் நாவுக்கே விடுகின்றேன்.

இவ்வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டமும் கண்டிருக்கின்றது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறித்த அளவுக்கு மேற்பட்ட பெருநிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூக நற்பணிக்குச் செலவிடவேண்டும். அதற்கான விதிகள் 2021 சனவரியில் திருத்தப்பட்டபோது, தன் சரக்குக்கோ சேவைக்கோ விற்பனைப் பயன் தேடி ஒரு நிறுவனம் அளிக்கும் உபயம் இக்கணக்கிற் சேராது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டனர். சரக்கு சேவை வரித் துறையார் 2019 அக்டோபர் 11ஆம் நாள் விடுத்த சுற்றறிக்கை இன்னும் சுவையானது. தரும நிறுவனம் ஒன்றற்கு ஒருவர் கொடை தந்து, நன்றியின் அடையாளமாக அவர் பெயர் மட்டும் எழுதப்படின் வரி இல்லை. அவர்தம் வாணிகத்தை விளம்பரப்படுத்துவதாக எழுதப்படின் அது சேவைக்குப் பெற்ற கூலியாகி வரிக்கு உள்ளாகும். தந்தையின் நினைவாக மகள் கொடுத்தது என்று கோயிற் பகுதியொன்றன் கதவிலோ தரையிலோ எழுதுவதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டாகவே தருகின்றது. வள்ளுவனார் ஈகைக்கும் குறியெதிர்ப்பைக்கும் இட்ட வரம்பு, வரி அதிகாரியின் மேசைமீது வந்து கிடத்தலைக் கண்டு யான் வியந்தேன்! நம் பொருளாளர் அவர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக. இளைஞர் தருவது நன்கொடையா, விளம்பரக் கட்டணமா என்பதை முன்னரே தெளிந்து எழுதாவிடின், பின்னர் விடை கூறவேண்டியவர் அவரே.

நிற்க. பெயர் எங்கே நிற்றலாகாது என்பதை இனிக் கூறுவேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தை இவ்வவையில் எவரும் மறந்திருத்தல் இயலாது. ஏரிக்கரையை அடுத்த தெருக்களில் நீர் புகுந்தது. மாடியில் ஏறி நின்றவர்கள் இங்கேயே இருக்கின்றீர்கள். அந்நாளில் அயலூர்களிலிருந்து வந்த உதவிப் பொருள்களைத் தடுத்து நிறுத்தி, அவற்றின்மீது அரசியல் தலைமையின் படத்தை ஒட்டினர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஊரே சினந்தது. உப்பும் பாலும் படம் ஒட்டும் வரை காத்திருக்கலாம். பசித்த குழந்தை காத்திருக்குமா? அதே வாரத்தில், பெயர் தெரியாத தன்னார்வலர் சிலர் இணையதளம் ஒன்று திறந்து, எங்கே தங்க இடம் உளது, எங்கே சோறு கிடைக்கும், எங்கே படகு வேண்டும் என்று பட்டியல் இட்டனர். அவர்கள் ஒரு பதாகையும் கட்டிலர். சென்னையில் இருந்தோர் மட்டுமன்றி, அயல்நாட்டிலிருந்து பெற்றோரைத் தேடியோரும் அத்தளத்தைத் தேடிப் பிடித்தனர். இணையதளத்துக்குப் பெயர் வரும் வழி எது என்பதை நம் இளைஞர் இதனினின்று கற்றல் தகும்.

அடுத்து, நோட்டுப் புத்தகம். இஃது என் தொழிற்களம். ஆதலின் சிறிது விரித்துரைக்க உரிமை வேண்டுகின்றேன். கொடையாளர் பலர் நோட்டின் மேலட்டையில் தம் பெயரையும் படத்தையும் பெரிதாக அச்சிட்டு வழங்குகின்றனர். அவர் அறியாதது ஒன்று உண்டு. நோட்டுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு வரவேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. வழங்கிய மறுநாளே அப்பெயரும் படமும் பழுப்புத்தாளின் அடியில் மறைந்து, ஆண்டு முழுதும் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை! பையன் நாள்தோறும் புரட்டிப் பார்க்கும் இடம் வேறு: பின்னட்டையின் உட்புறம், வாய்பாடு அச்சிட்டிருக்கும் பக்கம். அங்கே, பதினாறாம் வாய்பாட்டின் கீழ்ச் சிறிய எழுத்தில் தளத்தின் பெயரை அச்சிடுக. வாய்பாடு உள்ளளவும் அப்பெயர் படிக்கப்படும். வீட்டில் தாய்மார் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அப்பக்கமே திறக்கும்.

புகைப்படத்தைப் பற்றி யான் இன்னும் கடுமையாகவே பேசவேண்டியவனாயிருக்கின்றேன். யான் அறிந்த பள்ளி ஒன்றில், கொடையாளர் ஒருவர் நோட்டு வழங்கும்போது ஒவ்வொரு மாணாக்கனையும் தம் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பித்து, வாட்ஸ்அப் வழியே பரப்பினார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுநாள் என்னிடம் வந்து, “ஐயா, எங்க தெருவில எல்லாரும் பார்த்துட்டாங்க. அந்தப் படத்தை எடுத்துடச் சொல்ல முடியுமா?” என்று கேட்டான். அவன் தந்தை தச்சுவேலை செய்பவர். தெருவில் தலைநிமிர்ந்து நடப்பவர். ஆறு நோட்டின் விலைக்கு அக்குடும்பத்தின் மானத்தை வாங்கிவிட்டோம். பரவிய படத்தைத் திரும்பப் பெற எவராலும் இயலவில்லை. அப்பையன் அடுத்த ஆண்டு நோட்டு வாங்க வரிசையில் நிற்கவில்லை. குழல்விளக்கின்மேல் எழுதினால் ஒளி மட்டுமே குறையும். இங்கே பெயர் எழுதப்பட்டது ஒரு குழந்தையின் முகத்தின்மேல். பெறுவோர் முகம் தெரியும் படம் ஒன்றேனும் நம் தளத்தில் வரலாகாது. சமைக்கும் கையையும், நிறைந்த பந்தலையும், நோட்டு அடுக்கையும் படம் எடுங்கள். உழைத்த நம் தொண்டர்களை எடுங்கள், அவர்கள் இசைந்தால்.

பதாகைக்கு வருவோம். 2019 செப்டம்பர் 12ஆம் நாள் பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டப்பட்டிருந்த பதாகை காற்றில் சரிந்து வீழ்ந்ததனால், வண்டியிற் சென்ற 23 அகவை நிரம்பிய இளம்பெண் பொறியாளர் ஒருவர் நிலைகுலைந்து வீழ்ந்து, பின்வந்த லாரியில் அகப்பட்டு உயிர்நீத்தார். அது ஒரு திருமண வரவேற்புப் பதாகை. மங்கலம் கருதிக் கட்டியதே கொலைக்கருவி ஆயிற்று. ஆதலின் சாலையில் கம்பு நட்டுக் கட்டும் பதாகை நம் முகாமுக்கு வேண்டா. முகாம் நடக்கும் கட்டடத்தின் வாயிலில் ஒரு பலகை போதும்.

இனி இணையத்தின் உள்ளே நிகழும் இரண்டு செய்திகள். இளைஞர் எனக்கு விளக்கியவற்றை யான் விளங்கிக்கொண்டவாறு சொல்வேன். கூகிள் முதலிய தேடுபொறிகள், ஒரு தளத்தை வேறு தளங்கள் சுட்டிக்காட்டுவதை நன்மதிப்பின் அடையாளமாகக் கொண்டு, அதனை முன்வரிசையில் வைக்கின்றனவாம். ஆகவே, தரும நிறுவனத்துக்குப் பணம் தந்து, அதன் பக்கத்தில் தம் தளத்துக்கு ஒரு சுட்டி போடுவித்தல் சிலர்க்கு வாணிகத் தந்திரமாகிவிட்டது. இதனை அறிந்த கூகிள் நிறுவனத்தார், பணம் பெற்று இடும் சுட்டிக்கு அஃது உபயம் என்னும் அடையாளத்தைச் சேர்க்கவேண்டும் என்று விதித்து, 2019 செப்டம்பரில் அதற்கெனத் தனிக்குறி ஒன்றையும் வகுத்தனர். பொறிக்குக்கூட நாம் மெய் சொல்லவேண்டியிருக்கின்றது! மற்றொன்று, முகாமுக்கு வருவோரின் கைப்பேசி எண். கண் பரிசோதனைக்காகத் தந்த எண்ணைக் கடைக்காரர் விளம்பரத்துக்குப் பயன்படுத்துதல் நம்பிக்கைத் துரோகம். 2023இல் பாராளுமன்றம் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குறித்த நோக்கத்துக்கு இசைவு பெற்று அதற்கே பயன்படுத்துக என்பதையே அடிப்படையாகக் கொண்டது. நம் முகாமின் பதிவேடு மருத்துவரிடமும் சங்கத்திடமும் இருக்கட்டும். தளத்தாரிடம் அது செல்லலாகாது.

இத்தனை தடைகளையும் கேட்ட இளைஞர், “ஐயா, பின் நாங்கள் எதற்குப் பணம் தருவது?” என்று மனத்துள் வினவுதல் முகத்திற் தெரிகின்றது. தம்பிமாரே, உங்களிடம் பணத்தினும் அரியது ஒன்று உளது, அதனையே தாருங்கள்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இலர். 2017இல் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அதன் சென்னைக் கிளையும் திறக்கப்பட்டது. அம்மருத்துவமனையார் ஊர்தோறும் நடத்தும் முகாம்களின் முறை எண்ணத்தக்கது. மருத்துவமும் அறுவையும் அவர்கள் பொறுப்பு. இடம் பார்த்தல், ஊரார்க்கு அறிவித்தல், வருவோரை ஒழுங்கு செய்தல் ஆகியவை உள்ளூர் உபயதாரர் பொறுப்பு. உள்ளூர்ச் சங்கங்களும் வணிகரும் அவ்வாறு உபயம் ஏற்பர். அறிவித்தலே அவர் செய்யும் அறம்! ஏனெனின், முகாம் நடத்தினால் மட்டும் மக்கள் வந்துவிடுவதில்லை. தென்னிந்தியச் சிற்றூர்களை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு ஒன்று, கண்குறை உடையோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேரே முகாமுக்குச் சென்றனர் எனக் கண்டது. வழிச்செலவு, கூலி இழப்பு, அறுவையச்சம், துணைக்கு ஆளின்மை ஆகியவையே மற்றையோரைத் தடுத்தன.

நம் ஊரிலும் இதுவே நிலை. இருப்புப்பாதைக்கு வடக்கே குடியிருக்கும் முதியவள் ஒருத்தி, தெற்கே நடக்கும் முகாமுக்குத் தனியே வருவாளா? மகன் பட்டரைவாக்கத்தில் பட்டறை வேலைக்குப் போய்விட்டான். மருமகள் வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு இணையதளம் தெரியாது. ஆனால் அவள் பேரனுக்குத் தெரியும். முகாமுக்கு மூன்று வாரம் முன்னரே தளத்தில் அறிவிப்பு இடுக. காலையுணவு உண்டு வரலாமா, உட்கொள்ளும் மருந்துகளைக் கொண்டுவரவேண்டுமா, அறுவைக்கு எத்தனை நாள் தங்கவேண்டும், துணைக்கு ஒருவர் வரலாமா என்னும் வினாக்களுக்கு மருத்துவரிடம் விடை பெற்று எழுதுக. உடன் அழைத்துவர ஆள் இல்லாதார்க்குத் தெருவுக்கு ஒரு தொண்டரை அமர்த்தி, அவர் பெயரைத் தளத்தில் தெரிவிக்க. ஒரு கிழவி கண் தெளிந்து வீடு திரும்பிப் பேரனிடம், “எந்தப் புண்ணியவான் சொல்லி என்னைக் கூட்டிப்போனே?” என்று கேட்பாளாயின், அவன் கைப்பேசியைத் திறந்து காட்டுவான். அப்போது அவ்வீட்டில் தளத்தின் பெயர் நிலைக்கும்.

குருதிக்கொடையும் அத்தகையதே. ஆடவர் ஒருமுறை குருதி கொடுத்தபின் 90 நாளும், பெண்டிர் 120 நாளும் கழித்தே மீளக் கொடுக்கலாம். அந்நாளைக் கணக்கிட்டு, விரும்புவோர்க்கு மட்டும் நினைவூட்டும் வேலையைத் தளம் செய்யலாம். மற்றொரு கூட்டத்தில் இதனை விரித்துப் பேசுவோம்.

இறுதியாகக் கூறப்போவது சிலர்க்குக் கசக்கலாம், பொறுத்தருள்க. தளத்தின் பெயரில் இருப்பது கொரட்டூர். நம் குலத்தின் பெயர் அன்று. விளம்பரம் தரும் கடைக்காரர் பலர் நம்மவரல்லர். படிப்போர் பெரும்பாலும் நம்மவரல்லர். அவர்தம் கூலியால் வந்த பொருளைக்கொண்டு நடக்கும் முகாமின் வாயிலில், நம்மவர்க்கு ஒரு வரிசை, மற்றையோர்க்கு ஒரு வரிசை என்று வைத்தல் எவ்வகையிலும் தகாது. நோட்டுப் புத்தகத்துக்கு நம் குலத்து மாணாக்கர் பட்டியலை மட்டும் தரவேண்டும் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் மொழிந்தார். சங்கத்தின் சொந்தக் கல்வி நிதிக்கு அவ்விதி இருக்கலாம். அஃது உறுப்பினர் சந்தா. தளத்தார் உபயத்துக்கு அவ்விதி பொருந்தாது. தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுமுன் எவரேனும் குலம் கேட்பரோ? 2015இல் நம் தெருவுக்குப் படகு கொண்டுவந்தவர்கள் நம்மைக் கேட்டார்களா?

தீர்மானத்தின்கண் யான் வேண்டுவன இவை. தளத்தார் தரும் தொகை விளம்பரக் கட்டணம் என்றே நம் கணக்கில் ஏறுக. மூன்று காரியங்களின் வரவு செலவும், காரியம் முடிந்த பதினைந்து நாளுக்குள், தளத்திலும் நம் மாதப் பத்திரிகையிலும், மோருக்கு வாங்கிய கொத்துமல்லி ஈறாக வெளிவருக. தளத்தின் பெயர் வாயிற்பலகையிலும், நோட்டின் உட்புற வாய்பாட்டுப் பக்கத்திலும், பந்தலின் ஒரு பக்கத்தட்டியிலும் மட்டும் நிற்க; குவளையிலும் குடத்திலும் வேண்டா. பெறுவோர் படம் அறவே விலக்கப்படுக. தளத்துக்கு வரும் விளம்பரங்களுள் சீட்டு மோசடிக்கு இடந்தருவனவும், குடி சூது சார்ந்தனவும் இருக்குமாயின், அப்பொருளை இக்காரியங்களுக்கு ஏற்றல் இல்லை. இதனை இளைஞரே முன்வந்து ஒப்பினர், அவர்க்கு என் நன்றி.

வாசகத்தைக் காரியதரிசியவர்கள் எழுதி வைத்திருக்கின்றார்கள், இப்போது வாசிப்பார்கள். அதன் இரண்டாம் வரியில் ‘புரவலர்’ என்றிருப்பதை மட்டும் ‘உபயதாரர்’ என்று திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.